பேச்சும் கேட்டலும் படிக்கப் போகிறவர்களுக்கு: முதற் பட்டம் எதற்கு, முதுமாணி எதற்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு பிள்ளை "ஸ்பீச் அன்ட் ஹியரிங் படிக்கப் போறன்" என்று சொன்னால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "அதென்ன படிப்பு, முடிச்சா டொக்டரா?" என்பதுதான். அதற்கு ஒருவாறு பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்: "அப்ப வெளிநாட்டில மாஸ்டர்ஸ் செய்யலாமா?" கனடாவில் ஒரு மாமா, லண்டனில் ஒரு பெரியம்மா, மெல்பேர்னில் ஒரு மச்சான் என்று சொந்தம் பரந்து கிடக்கிற ஊர்களில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. முதலாவது கேள்வியை விட இதற்குத்தான் சரியான பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எடுக்கிற முடிவில் வருடங்களும் பணமும் வீணாகும்.

சுருக்கமான பதில், நாட்டைப் பொறுத்தது என்பதே. இலங்கையிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பேச்சு மொழிச் சிகிச்சையில் முதற் பட்டம் முடித்தவர் அந்த நாட்டின் விதிமுறைப்படி தொழிலுக்குப் போகலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதற் பட்டம் ஒரு முன்னாயத்தம்தான். முதுமாணி இல்லாமல் அங்கே சிகிச்சையாளராக முடியாது. ஆனால் எந்த நாட்டுக்குப் போனாலும், போகாமல் இங்கேயே இருந்தாலும், முதல் நான்கு வருடத்தில் போட்ட அடித்தளத்தில்தான் மற்றதெல்லாம் நிற்கும். அந்த அடித்தளத்தில் ஒரு பகுதியை எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் நமக்குக் கற்றுத்தரப் போவதில்லை. அது நம் தமிழ். கிழக்கில் நம் பிள்ளைகள் கதைக்கிற தமிழ்.

முதலில் துறையின் பரப்பைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பீச் தெரப்பி என்றால் கதைக்காத பிள்ளையைக் கதைக்க வைப்பது என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். அது ஒரு பகுதி மட்டுமே. திக்கிப் பேசுகிறவர், அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தை, ஓட்டிசம் உள்ள பிள்ளை, காது கேளாத பிள்ளை, வருடக்கணக்கில் வகுப்பில் உரத்துப் பேசிக் குரல் கம்மிப்போன ஆசிரியை, குரல்வளையை அகற்றிய புற்றுநோயாளி எல்லோரும் இந்தத் துறைக்குள் வருவார்கள். பாரிசவாதம் வந்து உயிர்தப்பியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மொழி பாதிக்கப்படுகிறது. எண்ணம் இருக்கும், சொல் வராது. சிலருக்குச் சொல்லும் வரும், அதில் பொருள் இருக்காது. இன்னொன்று பலருக்கும் தெரியாது: விழுங்குவதில் ஏற்படும் சிக்கலைக் கவனிப்பதும் இவர்களே. பாரிசவாதத்தின் பின் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நியூமோனியாவில் முடிகிற ஆபத்து உண்டு. நோயாளிக்குச் சோற்றைக் குழைத்துக் கொடுப்பதா, கஞ்சியாகக் கொடுப்பதா, வாயால் எதுவுமே கொடுக்காமல் விடுவதா என்று வாட்டில் பார்த்துச் சொல்ல வேண்டியவர் பேச்சுச் சிகிச்சையாளர்.

திக்கல் சிறுவயதில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு ஏதோவொரு கட்டத்தில் வருகிறது. பெரும்பாலானோருக்கு அது தானாகவே விலகி, வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் நிற்கிறது. பிறவியிலேயே நிரந்தரக் கேட்டல் குறைபாட்டோடு வருகிற குழந்தைகள் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று பேர். வேறு எந்தக் குறையும் இல்லாமல் மொழி மட்டும் பின்தங்குகிற பிள்ளைகள், ஆங்கிலம் பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கிற ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேர் இப்படி இருக்கக்கூடும். நம் பாடசாலைகளில் அவர்களுக்கு வேறு பெயர் இருக்கிறது, மக்கு என்று. அந்தப் பெயரோடு ஒரு பிள்ளை சாதாரணதரம் வரைக்கும் போவதைப் போல வேதனையான விஷயம் குறைவு.

"புள்ள இன்னும் கதைக்குதில்ல" என்று தாய் சொல்லும்போது, "அவன்ட அப்பனும் பிந்தித்தான் கதைச்சவன், பொறு" என்று அம்மம்மா சொல்லுவார். பல வீடுகளில் இரண்டு வருடம் இப்படியே போய்விடும். இந்தத் துறை முதலில் கற்றுக்கொடுக்கிற ஒழுங்கு இதுதான்: கதைக்காத பிள்ளைக்கு முதலில் காதைப் பார். பிறந்து ஒரு மாதத்துக்குள் கேட்டல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பது உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இலக்கு. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்த வீட்டில் இந்த இலக்கு எங்கே போய்விட்டது என்று யோசித்தால், இந்தத் துறைக்கு இங்கே ஏன் ஆட்கள் வேண்டும் என்பது விளங்கும்.

நாட்டுக்கு நாடு படிப்பு மாறுவதற்கு வரலாறுதான் காரணம். அமெரிக்காவில் இந்தத் துறை ஆஸ்பத்திரிக்குள் பிறக்கவில்லை. பல்கலைக்கழகங்களின் உளவியல், கல்வியியல், பேச்சுக்கலைத் துறைகளுக்குள் பிறந்தது. இன்று ஆஷா என்று அழைக்கப்படும் அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் சங்கத்தின் தொடக்கம் 1925. பல்கலைக்கழகப் பாடமாக வளர்ந்ததால், முதற் பட்டத்தில் அறிவியல் அடிப்படை, முதுமாணியில் கிளினிக் பயிற்சி என்று அங்கே பிரிந்து நிலைத்துவிட்டது. பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போரைத் தாண்டி வந்த தொழில் இது. பேச்சுச் சிகிச்சையாளர்களின் கல்லூரி 1945இல் அமைந்தது. தாதியர், இயன்மருத்துவர் போல ஒரு சுகாதாரத் தொழிலாக வளர்ந்ததால் முதற் பட்டத்திலேயே கிளினிக் பயிற்சியும் சேர்ந்துவிட்டது.

இலங்கை பிடித்தது இந்தப் பிரித்தானிய வழியைத்தான். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் 1990களின் இறுதியில் டிப்ளோமாவாகத் தொடங்கிய படிப்பு, பின்னர் நான்கு வருடப் பட்டமாக வளர்ந்தது. பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானத்தில் விஞ்ஞானமாணி என்பது அதன் பெயர். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் தனிப் பாடநெறியாகவே இருக்கும். எந்தப் பாடங்கள், எந்தத் தரம் என்பதை அந்தந்த வருடத்துக் கைநூலில் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. மாமா சொன்னார், டியூஷன் சேர் சொன்னார் என்று விண்ணப்பம் நிரப்பக் கூடாது.

இந்தியா நடுவில் நிற்கிறது. அங்கே கேட்டலியலும் பேச்சு மொழி நோயியலும் சேர்ந்த இளமாணிப் பட்டத்தில் மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. பிஏஎஸ்எல்பி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தியப் புனர்வாழ்வுச் சபை இதை மேற்பார்வை செய்கிறது. அந்தப் பட்டத்தோடு வேலை செய்யலாம். முதுமாணியில் பேச்சு மொழி நோயியல் ஒரு வழி, கேட்டலியல் இன்னொரு வழி என்று பிரியும். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் இத்துறையில் ஆசியாவின் பெரிய பெயர்களில் ஒன்று. சென்னையிலும் வேலூரிலும் படித்தால் நோயாளிகள் தமிழில் கதைப்பார்கள். அது சிறிய விஷயமல்ல, பின்னால் வருகிறேன்.

கேட்டலியல் பக்கம் போக நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அது தனித் தொழில். ஆஷாவின் கேட்டலியல் சான்றிதழுக்கு 2012 முதல் கலாநிதி மட்டப் பட்டம் வேண்டும். முதற் பட்டத்துக்குப் பிறகு வழக்கமாக நான்கு வருடம். பேச்சுப் பக்கம் இரண்டு வருட முதுமாணியோடு நிற்கிறது. ஆகவே "ஸ்பீச் அன்ட் ஹியரிங்" என்று ஒரே மூச்சில் சொல்லுகிற பிள்ளை, மூன்றாம் வருடத்துக்குள் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெளிந்துவிட்டால் நல்லது.

இனி முதற் பட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் உள்ளடக்கம் கிட்டத்தட்ட ஒன்றே. மூச்சு, குரல்வளை, நாக்கு, அண்ணம், உட்காது ஆகியவற்றின் உடற்கூறு. 1861இல் புரோக்கா, 1874இல் வெர்னிக்கே என்ற மருத்துவர்கள் மூளையின் எந்தப் பகுதி பழுதானால் மொழியில் எது போகிறது என்று காட்டியதிலிருந்து வளர்ந்த நரம்பியல். ஒலியின் பௌதிகம்: உயர்தரத்தில் அலைகளும் அதிர்வுகளும் பாடத்தை விட்டுத்தள்ளிய பிள்ளை இங்கே வந்து அதைத் திரும்பப் படிக்க வேண்டிவரும், ஏனென்றால் கேட்டல் வரைபடத்தில் 250 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரை இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் அந்தப் பாடம்தான். குழந்தை மொழி வளர்ச்சி, உளவியல், மொழியியல், புள்ளிவிபரவியல் எல்லாம் உண்டு.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது ஒலியியல். காதால் கேட்டதை அப்படியே எழுத்தில் பிடிக்கிற கலை அது. இதற்காகவே 1886இல் தொடங்கிய சர்வதேச ஒலியியல் சங்கத்தின் எழுத்துகள் இருக்கின்றன. முதல் வருடத்தில் ஒவ்வொரு ஒலியும் வாய்க்குள் எங்கே பிறக்கிறது என்று நாக்கை வைத்து வைத்துப் பார்த்துப் படிப்பார்கள்.

ஒரு நாலு வயதுப் பிள்ளை கிளினிக்குக்கு வருகிறது. "கத்தி" படத்தைக் காட்டினால் "தத்தி" என்கிறது. "காகம்" என்பதற்குத் "தாகம்" மாதிரி ஏதோ ஒன்று வருகிறது. பயிற்சி இல்லாதவர் "பிள்ளைக்கு க வரவில்லை" என்று எழுதிவிட்டு, "க சொல்லு, க சொல்லு" என்று தொடங்குவார். ஒலியியல் படித்தவர் அடுத்த கேள்விகளுக்குப் போவார். சொல்லின் தொடக்கத்தில் மட்டுமா, நடுவிலுமா? "பாக்கு" என்று சொல்லும்போது நடுவிலுள்ள இரட்டை ஒலி சரியாக வருகிறதா? "தங்கச்சி"யில் மெல்லின ஙகரத்துக்குப் பின் என்ன நடக்கிறது? பின்நாக்கில் பிறக்க வேண்டியது எல்லாம் முன்னே நகர்கிறதா, இல்லை க மட்டும்தானா? எல்லாமே நகர்ந்தால் அது ஒரு ஒழுங்கு. பிள்ளையின் மூளைக்குள் ஒரு விதி இருக்கிறது. ஒழுங்குக்கு ஒரு சிகிச்சை, ஒற்றை ஒலிக்கு வேறொரு சிகிச்சை. இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு பக்கம் அளவுக்கு அந்தப் பிள்ளையின் பேச்சை ஒலியெழுத்தில் எழுதியிருக்க வேண்டும். முதல் வருடத்தில் சலித்துக்கொண்டு செய்த பயிற்சியின் பயன் இந்த இடத்தில் வரும்.

ஆனால் அந்தப் பயிற்சியின் பாடநூல் ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டது. ஆங்கிலம் பேசும் பிள்ளை க ஒலியைத் த ஆக்குவது மூன்றரை வயதளவில் பொதுவாக நின்றுவிடும் என்று அதில் இருக்கும். தமிழுக்கு அந்த வயதை அப்படியே தூக்கிப் போட முடியாது. தமிழில் "கல்" என்பதன் க வேறு, "பகல்" என்பதில் மென்மையாகி ஹகரத்தின் பக்கம் போகிற க வேறு, "பங்கு" என்பதில் வருவது வேறு. எழுத்து ஒன்று, ஒலி மூன்று. எந்த இடத்தில் எது சரி என்பது தாய்மொழியாகப் பேசுகிற நமக்குத் தெரியாமலே தெரியும். அதைத் தெரிந்து தெரிவதுதான் படிப்பு. ஆங்கிலச் சோதனை பார்க்கவே பார்க்காத இரண்டு விஷயங்கள் தமிழில் உயிர்நாடி: குறில் நெடில், ஒற்றை இரட்டை. "கல்"லும் "கால்"உம், "கனம்"உம் "கன்ன"மும் நேர அளவினால் மட்டுமே பிரிகின்றன. பாரிசவாதத்தில் நாக்குத் தசை தளர்ந்த ஒருவருக்கு இந்த நேரக்கணக்கு குழம்பக்கூடும். ஆங்கிலப் படிவத்தில் அதற்குப் பெட்டியே இருக்காது.

தமிழ்நாட்டிலும் மைசூரிலும் தமிழுக்கான சோதனைகளைச் செய்திருக்கிறார்கள். நல்ல வேலை, மதிக்க வேண்டும். அவற்றை நம் பிள்ளையிடம் கொண்டுவரும்போது என்ன நடக்கும் என்றும் யோசிக்க வேண்டும். கல்லடியிலிருக்கிற பிள்ளையிடம் நாற்காலி படத்தைக் காட்டினால் "கதிரை" என்று சொல்லும். வேர்க்கடலைக்குக் "கச்சான்", சோப்புக்குச் "சவுக்காரம்". பிள்ளை சரி, எதிர்பார்த்த ஒலி மட்டும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ழகரத்தைச் சோதிக்க வாழைப்பழப் படத்தைக் காட்டினால் "வாளப்பளம்" என்று வரும். தாயும் அப்படித்தான் சொல்லுவார், முன்பள்ளி ரீச்சரும் அப்படித்தான் சொல்லுவார். ஊரே பேசுகிற ஒலியைப் பிழை என்று புள்ளி வெட்டினால், நோயே இல்லாத பிள்ளைக்கு நோய்ப்பட்டியல் எழுதியதாக முடியும். மறுபக்கமும் உண்டு. "அது உங்கட ஊர்ப் பேச்சுதானே" என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் விட்டுவிட்டால், உண்மையான குறைபாடு தப்பிவிடும்.

மட்டக்களப்புப் பேச்சு, பேச்சுத் தமிழ் வகைகளில் எழுத்துத் தமிழுக்கு மிகக் கிட்டியது என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1960களில் எழுதினார். ஆனால் "மட்டக்களப்புப் பேச்சு" என்பதும் ஒன்றல்ல. காத்தான்குடியில் ஒரு ஓசை, படுவான்கரையில் ஒரு ஓசை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று தெற்கே போகப்போக இன்னும் மாறும். உம்மா வாப்பா என்று வளர்கிற பிள்ளையிடம் "அம்மா எங்கே" என்று படம் காட்டிக் கேட்டு, பதில் வரவில்லை என்று குறித்துக்கொள்கிற சோதனை யாருக்கும் உதவாது. அம்பாறை மாவட்டத்தில் சிங்களமும் தமிழும் அருகருகே கேட்டு வளர்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளை கதைக்கப் பிந்துகிறது என்று சொல்லி ஒன்றை நிறுத்தச் சொல்லுகிற அறிவுரைக்கு ஆய்வில் ஆதரவு இல்லை. இரண்டு மொழியிலுமே பிந்தினால்தான் கவலைப்பட வேண்டும்.

மொழி வளர்ச்சியை அளப்பதிலும் இதே சிக்கல். 1970களில் ரோஜர் பிரவுண் என்ற அமெரிக்க உளவியலாளர், பிள்ளையின் ஒவ்வொரு கூற்றிலும் எத்தனை சொல்லுறுப்புகள், அதாவது பொருள் தரும் சிறு துண்டுகள், இருக்கின்றன என்று எண்ணி, சராசரியை வைத்து வளர்ச்சிப் படிகளை வகுத்தார். இன்றும் எல்லா மாணவரும் படிக்கிறார்கள். தமிழில் ஒரு பிள்ளை "வரமாட்டாங்களாம்" என்று சொன்னால் ஒரு சொல்தான். உள்ளே வருதல், மறுப்பு, பலர், யாரோ சொல்லக் கேட்டது என்று நான்கு செய்தி இருக்கிறது. சொல்லை மட்டும் எண்ணினால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றுக்கு விழும். உறுப்பை எண்ணினால், எங்கே வெட்டுவது என்ற கேள்வி வரும். நன்னூலை மனப்பாடம் செய்து பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்துப் பழகிய பிள்ளைக்கு இந்த இடத்தில் ஒரு சாதகம் உண்டு. கலைப் பிரிவுத் தமிழ் இலக்கணத்தை உயிரியல் மாணவர் ஏளனமாகப் பார்க்கிற பழக்கம் இந்தத் துறையில் செல்லாது.

புள்ளிவிபரவியலை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அதை ஒதுக்கக் கூடாது. "இந்தப் பிள்ளை வயதுக்குப் பின்தங்கியிருக்கிறது" என்ற வாக்கியமே ஒரு புள்ளிவிபர வாக்கியம். அமெரிக்கச் சான்றிதழுக்கு உயிரியல், பௌதிகம் அல்லது இரசாயனம், புள்ளிவிபரவியல், சமூக அல்லது நடத்தை விஞ்ஞானம் ஆகிய நான்கிலும் தனித்தனிப் பாடம் படித்திருக்க வேண்டும். வேறு பாடத்துக்குள் ஒரு அத்தியாயமாகப் புள்ளிவிபரம் படித்தது அங்கே பெரும்பாலும் எடுபடாது. பெறுபேற்றுப் பத்திரத்தில் அந்தப் பெயரில் ஒரு பாடம் தெரிய வேண்டும். தெரிவுப் பாடம் எடுக்கிற நேரத்தில் இதை யோசித்தால் போதும், பிறகு யோசித்துப் பயனில்லை.

அடுத்தது கிளினிக் மணித்தியாலங்கள். ஆஷா சான்றிதழுக்கு மொத்தம் 400 மணித்தியாலம் வேண்டும். அதில் 25 வழிகாட்டலோடு பார்த்தது, 375 நோயாளியோடு நேரடியாகச் செய்தது. அந்த 375இல் 325 முதுமாணி மட்டத்திலேயே செய்திருக்க வேண்டும். இதோடு பிராக்சிஸ் என்ற பரீட்சை, பட்டத்துக்குப் பிறகு 36 வாரத்துக்குக் குறையாமல் 1260 மணித்தியாலம் மேற்பார்வையில் வேலை. ஆகவே ராகமையிலோ சென்னையிலோ நூற்றுக்கணக்கான மணித்தியாலம் செய்த ஒருவருக்கும் அங்கே பெரும்பகுதி மீண்டும் செய்ய வேண்டியதாகவே இருக்கும். இது அநியாயமாகத் தோன்றும். ஆனாலும் இங்கே செய்த மணித்தியாலம் விண்ணப்பத்தில் பேசும், கையெழுத்தோடு இருந்தால். திகதி, நோயாளியின் வயது வட்டம், என்ன குறைபாடு, மதிப்பீடா சிகிச்சையா, எத்தனை நிமிடம், மேற்பார்வையாளரின் பெயரும் கையொப்பமும் என்று ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதிவர வேண்டும். நோயாளியின் பெயர் அதில் வரவே கூடாது. நான்கு வருடம் கழித்து மேற்பார்வையாளர் வெளிநாட்டில் இருக்கும்போது கையொப்பத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பாடத்திட்டத்தின் பிரதிகளையும் அப்படியே பாதுகாக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் என்ன படித்தீர்கள் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்கும்.

மொழி இன்னொரு பாரம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் ராகம ஊடாகவே போகும். இடம் அவ்வளவு கிட்ட, ஆனால் இறங்கினதும் கேட்கிற மொழி வேறு. விரிவுரை ஆங்கிலத்தில், கிளினிக்கில் வருகிற பெரும்பாலான தாய்மார் சிங்களத்தில், வீட்டுக்குக் கதைப்பது தமிழில். சிங்களம் தெரியாமல் போகிற நம் பிள்ளை முதல் வருடத்திலேயே அதைப் படிக்கத் தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் தமிழ் நோயாளிகளோடு பயிற்சி பெறவும் கேட்டு வாங்க வேண்டும். விடுமுறையில் ஊருக்கு வரும்போது மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை போன்ற இடங்களில் முறைப்படி அனுமதி கேட்டு, பார்வையாளராகவாவது இருக்கலாம். மூன்று மொழியில் ஒரு தாயோடு கதைக்கத் தெரிந்த சிகிச்சையாளர் இந்த நாட்டில் மிகக் குறைவு. அந்தத் தகுதியை எந்த முதுமாணியும் தராது.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் பதிவு பெற விரும்பும் வெளிநாட்டுப் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம், சுகாதாரத் தொழிலாளர்களைப் பதிவு செய்கிற அங்குள்ள சபை ஐஈஎல்டிஎஸ் 8.0 கேட்கிறது, எந்தப் பகுதியிலும் 7.5க்குக் குறையக் கூடாது. அதே சபை மற்றச் சுகாதாரத் தொழில்களுக்குக் கேட்பது 7.0. மொழியே கருவியாக இருக்கிற தொழிலுக்கு அது நியாயம்தான். மூன்று மாத வகுப்பில் எட்டுப் புள்ளி வராது. பட்டப்படிப்பின் நான்கு வருடமும் ஆங்கிலத்தில் வாசித்து எழுதினால் வரும்.

உயர்தரத்தில் இசட் புள்ளி போதாமல் வேறு பீடத்துக்குப் போன பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை. இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலோ மொழியோ படித்தவர், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் படித்தவர், தாதியர் பட்டம் முடித்தவர், உளவியல் படித்தவர் ஆகியோர் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற இரண்டு வருட, தொழிலுக்குத் தகுதிதரும் முதுமாணிக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒலியியல், உடற்கூறு, மொழி வளர்ச்சி, கேட்டலியல் அறிமுகம் போன்ற அடிப்படைப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு வரச் சொல்லும். அதற்கு ஒரு வருடமளவு கூடப் போகலாம். இந்தியாவில் மட்டும் இந்த வழி இல்லை. அங்கே முதுமாணிக்கு அதே துறையில் இளமாணி வேண்டும்.

பணம் என்று வரும்போது ஒரு பொருத்தமின்மை இருக்கிறது. பிரித்தானிய அரசாங்கத்தின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிக்குத்தான் தருகிறார்கள். இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள், முடித்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி வரவேண்டும். தொழில் தகுதி தரும் பிரித்தானிய முதுமாணியோ இரண்டு வருடம். ஆகவே வேறு துறைப் பட்டதாரிக்கு அது பொருந்தாது. களனிப் பட்டத்தோடு இரண்டு வருடம் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒருவருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும். அவருக்குத் தொழில் தகுதி ஏற்கெனவே இருக்கிறது. அவருக்கு வேண்டியது ஆய்வும் மேலறிவும். இந்தக் கணக்கைப் பார்த்தால், இங்கே முதற் பட்டம், பிறகு ஊரில் வேலை, பிறகு ஒரு வருட முதுமாணி என்ற வரிசை பல குடும்பங்களுக்குக் காணி விற்காமல் முடிகிற வழி.

விண்ணப்பத்தில் புள்ளிச் சராசரி பார்ப்பார்கள், பரிந்துரைக் கடிதம் பார்ப்பார்கள். எல்லாரிடமும் இருப்பவை அவை. தெரிவுக் குழுவைத் திரும்பிப் பார்க்க வைப்பது, எதை அறிய வருகிறீர்கள் என்ற பக்கம். "எனக்குச் சிறுவயது முதல் சேவை செய்ய விருப்பம்" என்று தொடங்குகிற கடிதங்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். "என் ஊரில் மூன்று வயதுப் பிள்ளை எந்த ஒலிகளைச் சொல்லும் என்பதற்கு அளவுகோல் இல்லை, முதற்கட்டமாக நான் இவ்வளவு செய்து பார்த்திருக்கிறேன்" என்று எழுதக்கூடியவர் கையில் ஒரு கேள்வி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இருப்பது போன்ற விரிவான வயதுவாரி அளவுகோல்கள் தமிழுக்கு இன்னும் கட்டப்படவில்லை. பிறர் ஏற்கெனவே எல்லாம் செய்துமுடித்த ஒரு மொழியில் மாணவருக்குக் கிடைக்கிற கேள்வி சின்னதாக இருக்கும். நம்மிடம் இருப்பது பெரியது.

அதனால் இறுதி வருட ஆய்வுக் கட்டுரையைத் தலைப்புக் கிடைத்தால் போதும் என்று எடுக்காதீர்கள். காத்தான்குடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒரு முன்பள்ளி, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள், ஊர்ச் சொற்களுக்கே எடுத்த படங்கள், மின்விசிறி நிறுத்திய ஒரு அறை, ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி. தொடங்க இவ்வளவு போதும். பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதமும் பல்கலைக்கழக ஒழுக்கவியல் குழுவின் அனுமதியும் கைக்கு வந்த பிறகே முதல் பதிவு. அந்தக் குழுக்கள் நேரம் எடுக்கும். மூன்றாம் வருடம் முடிய முன்னரே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும்.